பெல்ட்டை அறுத்தது நான்தான்

பெயர்: திரிபுரசுந்தரி. வயது: ஐம்பத்திரண்டு. கணவர் பெயர்: காலஞ்சென்ற ஜெயராம். முகவரி: 203, இரண்டாவது மாடி, ஸ்ரீ லலிதா ரெசிடென்சி, லாலாகுடா, செகந்திராபாத். தொழில்: குடும்பத் தலைவி (இவ்விரு சொற்களும் அடிக்கப்பட்டன) இன்ஜின் ஃபிட்டர், பாதுகாப்புத் துறை வாகனப் பணிமனை. பதிவு செய்த நாள் 28.10.2025, செவ்வாய்க்கிழமை, காலை 10.40 மணி.

நான் மேற்படி முகவரியில் பதினாறு வருஷமாகக் குடியிருந்து வருகிறேன். எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து இங்கே கண்டோன்மெண்டுக்கு வந்துவிட்டது. தெலுங்கும் உருதுவும் எனக்குப் பேச வரும், எழுத வராது. இந்த ஸ்டேஷனில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஏட்டு பாலசுப்ரமணியன் ஒருவர்தான் என்பதால், எஸ்.ஐ. அம்மா உத்தரவுப்படி நான் சொல்லச் சொல்ல அவர் எழுதி வருகிறார். தொழில் என்ற இடத்தில் அவர் என்னைக் கேட்காமலே குடும்பத் தலைவி என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன், அடித்தார். இனிமேல் நான் சொல்வதை மழுப்பாமல் எழுத வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

என் மேல் வந்திருக்கும் புகாரைப் படித்துக் காட்டினார்கள். 27.10.2025 திங்கட்கிழமை காலை 7.25 மணிக்கு, பதினோரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வேனை நான் வழிமறித்து, சாவியைப் பிடுங்கி, கொடிய ஆயுதத்தால் இன்ஜின் பெல்ட்டை அறுத்துச் சேதம் செய்ததாகப் புகார் சொல்கிறது. செய்தாயா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள். ஹவ், ஆமாம் என்றேன். சாவியைப் பிடுங்கியது உண்மை, பெல்ட்டை அறுத்ததும் உண்மை. கொடிய ஆயுதம் என்பது நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி. போவன்பள்ளி மார்க்கெட்டில் முந்தின நாள் வாங்கிய பீன்ஸ், பாதி இன்னும் மேடைமேல் அப்படியே வாடிக் கிடக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

புகார் கொடுத்தவர் கிருஷ்ணா, அந்த வேனின் சொந்தக்காரர், அவரே டிரைவர். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். தெலுங்குக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பெண் ஹர்ஷிதா இரண்டாம் வகுப்பு, தினமும் அதே வேனில் அப்பாவுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும். புகாரை உட்கார்ந்து எழுதியவர் கிருஷ்ணா இல்லை. எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராஜகோபால் சார் எழுதினார், கிருஷ்ணா கையெழுத்து மட்டும் போட்டார். சார் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இந்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், கேட்கட்டும்.

என் வீட்டுக்காரர் ஜெயராம் அதே பணிமனையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்தவர். 2001இல் அவர் இறந்த பிறகு கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். முதலில் ஃபைல் தூக்கவும் டீ கொடுக்கவும் விட்டார்கள். ஆறு மாதம் பொறுத்தேன். அதன் பிறகு எனக்கு ஸ்பானர் கொடுங்கள், இல்லையென்றால் ஏன் கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்று போய் நின்றேன். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை, அதனால் ஸ்பானர் கிடைத்தது. இருபத்திமூன்று வருஷமாக டெஸ்ட் பெஞ்சில் இருக்கிறேன். பிரித்துக் கோர்த்து வருகிற இன்ஜினை ஓடவிட்டு, எது சரியாக ஓடுகிறது எது ஓடவில்லை என்று காதால் கேட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நான் பாஸ் போட்ட இன்ஜின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

சார்ஜ்மேன் பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது, அதில் என் பெயர் இருக்கிறது. எங்கள் இன்ஜின் பிரிவில் அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. கிரிமினல் கேஸ் கோர்ட்டுக்குப் போனால் என் பெயரை ஒரு கவரில் போட்டு சீல் வைத்து ஓரமாக வைத்துவிடுவார்கள், கேஸ் முடிவதற்குள் நான் ரிட்டையர் ஆகிவிடுவேன். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராஜகோபால் சார் ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார், அதில் நான் கையெழுத்துப் போட்டால் புகார் இன்றைக்கே வாபஸ் ஆகும் என்கிறார்கள். அதற்கு என் பதிலை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நடந்தது என்னவென்றால், 01.10.2025 புதன்கிழமை ஆயுத பூஜை. பணிமனைப் பூஜையை முந்தின நாளே முடித்துவிட்டோம். வீட்டில் என் டூல் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் அடுக்கியிருந்தேன். ஒன்றரை அடி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று என்னிடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷம் நானே வாங்கியது, புருஷன் விட்டுப்போனது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அதன் முனையை இன்ஜின்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே எந்த பேரிங் என்ன பேசுகிறது என்று தெரியும். அதுவும் பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை பண்ணாமல் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அன்று காலை சுமார் பத்தரை மணிக்குக் கிருஷ்ணா கீழே பார்க்கிங்கில் வேனுக்குப் பூஜை போட்டார். முந்தின நாள் சர்வீஸ் ஸ்டேஷனில் இன்ஜின் முழுக்கப் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் அப்பி, தேங்காய் உடைத்து, பானட்டைத் திறந்து தேங்காய்த் தண்ணீரை இன்ஜினுக்கும் ஊற்றினார். ஆளுக்கு ஒரு வழக்கம், நான் குறை சொல்லவில்லை. அதன் பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார், கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நான் பால்கனியில் நின்றிருந்தேன். கிருஷ்ணா மேலே பார்த்து, அக்கா கொஞ்சம் வந்து பாருங்களேன் என்றார். நான் இறங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பூஜையில் இருக்கிறதே என்று சோம்பலும் பக்தியுமாக நின்ற இடத்திலிருந்தே, தண்ணி பட்ட பெல்ட்டுப்பா, காஞ்சா போயிடும் என்று சொல்லிவிட்டுச் சுண்டல் தாளிக்க உள்ளே போனேன்.

இதை ஏட்டையா எழுதத் தயங்கினார், உங்களுக்கு எதிராகப் போகுமே என்றார். எழுதுங்கள் என்றேன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு இது ஒன்றுதான், இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் என் வாக்குமூலம் பொய்யாகிவிடும். பெஞ்சில் ஓடுகிற இன்ஜினை நான் ஒருநாளும் இருபது அடி தூரத்திலிருந்து பாஸ் பண்ணியதில்லை. அன்றைக்குப் பண்ணினேன்.

மறுநாள் விஜயதசமிக்கு நான் டூல் எடுத்தபோது வேன் நின்றுகொண்டுதான் இருந்தது, தசரா லீவு. சத்தம் இல்லாத வண்டியில் எதைக் கேட்பது, நானும் மறந்துவிட்டேன். 04.10.2025 சனிக்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. அன்று முதல் தினமும் காலை ஏழு மணி இருபது நிமிஷத்துக்கு வேன் கத்தும். முதல் வாரம் இரண்டு நிமிஷம் கத்திவிட்டு அடங்கியது. கிருஷ்ணா பெல்ட்டில் சோப்பு தேய்த்தார். இரண்டாவது வாரம் கேட் தாண்டிப் போகிற வரை கத்தியது. ராஜகோபால் சார் வாக்கிங் முடித்து வந்து, ஈரப்பதம் கூடினால் ரப்பர் வழுக்கும் என்று கிருஷ்ணாவுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்து, பெல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வாங்கச் சொன்னார். அடித்த இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகக் கத்தியது. மாடியில் ஒரு கைக்குழந்தை தினமும் அந்தச் சத்தத்தில் அலறி எழுந்திருக்கும். ஆக எல்லாருக்கும் அது ஒரு தொல்லையாகத்தான் இருந்தது, யாருக்கும் அது ஒரு ஆபத்தாகத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. தண்ணீர் பட்ட பெல்ட் என்றால் இரண்டு நாளில் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு வாரம் கத்தாது. 18.10.2025 சனிக்கிழமை மத்தியானம் வேன் வந்து நின்றதும் நான் ஸ்க்ரூ டிரைவருடன் கீழே போனேன். கிருஷ்ணா வேண்டாம் என்று சொல்லவில்லை, அவரே பானட்டைத் திறந்தார். வண்டியை ஸ்லோவில் ஓடவிட்டேன். ஒரு பாட்டில் தண்ணீரை ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சமாக ஊற்றினேன். பெல்ட் தேய்ந்திருந்தால் தண்ணீர் பட்டதும் கொஞ்ச நேரம் சத்தம் நிற்கும். பெல்ட் தொய்ந்திருந்தால் சத்தம் கூடும். இந்த வண்டியில் நிற்கவும் இல்லை, கூடவும் இல்லை, துளிகூட மாறவில்லை. அப்படியென்றால் கத்துவது பெல்ட் இல்லை.

அதன் பிறகு ஸ்க்ரூ டிரைவரை ஒவ்வொன்றின்மேலும் வைத்துக் கேட்டேன். வாட்டர் பம்ப் சுத்தமாக இருந்தது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற சின்னப் புல்லி சுத்தமாக இருந்தது. ஆல்டர்நேட்டர்மேல் வைத்ததும், ஒன்றும் போடாத வெறும் அம்மியில் குழவியை இழுக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பேரிங் போய்விட்டது. பிரஷர் தண்ணீர் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவியிருக்கிறது, மிச்சம் இருந்ததைத் தேங்காய்த் தண்ணீர் கெடுத்திருக்கிறது. கிருஷ்ணாவின் காதிலும் பிடியை வைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டார், முகம் மாறியது.

எஸ்.ஐ. அம்மா, ஆல்டர்நேட்டர் என்பது பேட்டரி சார்ஜ் பண்ணுகிற சாமான்தானே, அது நின்றால் லைட் எரியாது, அவ்வளவுதானே என்று கேட்டார்கள். இந்த மாதிரி டீசல் வண்டியில் அவ்வளவு மட்டும் இல்லை. பிரேக்குக்கு இழுவை கொடுக்கிற வாக்குவம் பம்ப் அந்த ஆல்டர்நேட்டரின் முதுகிலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. பேரிங் இறுகிப் புல்லி நின்றால் பெல்ட் அறுந்து போகும், பெல்ட் அறுந்தால் பம்ப் நிற்கும், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். அதன் பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் பிரேக் பிடிக்கும். நாலாவது மிதிக்குப் பெடல் கல்லாகிவிடும், ஏறி நின்றாலும் வண்டி நிற்காது. தினமும் இந்த வேன் பதினோரு பிள்ளைகளோடு மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் சிக்னலைப் பார்த்து இறங்குகிறது. இதை ஏட்டையா அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

இதையெல்லாம் அன்றைக்கே கிருஷ்ணாவிடம் சொன்னேன். ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் பேரிங் மாற்ற இரண்டு நாள் ஆகும், திங்கட்கிழமை தீபாவளிக்கு எப்படியும் வண்டி ஓடாது, அதற்குள் முடித்துவிடு என்றும் சொன்னேன். பண்டிகைக்கு எந்த ஒர்க்‌ஷாப் அக்கா திறந்திருக்கும், அதன் பிறகு பரீட்சை வருகிறது, பரீட்சை வாரத்தில் வண்டி ஒருநாள் வராவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் இந்த ரூட்டை வேறு வேனுக்குக் கொடுத்துவிடுவார்கள், பரீட்சை முடியட்டும் என்றார். நான் விடவில்லை. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“நீங்கதானே அக்கா காஞ்சா போயிடும்னு சொன்னீங்க.”

சொன்னேன், தப்பாகச் சொன்னேன், இப்போது சரியாகச் சொல்கிறேன் என்றேன். அவர் பானட்டை மூடினார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. அவருக்கு எது காதுக்கு இதமாக இருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டார், அதை அவர் கையில் கொடுத்தவளே நான்தான்.

அதன் பிறகு ராஜகோபால் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போதும் பெஞ்சில் உட்கார்ந்து லேசாகச் சிரிக்கிறார். முதலில் பெல்ட் என்றாய், இப்போது பேரிங் என்கிறாய், அடுத்த வாரம் என்ன சொல்வாய் சுந்தரி என்றார். சார் வந்து ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் பேசுங்கள் என்றேன். காதில் கம்பி வைத்துக் கேட்பதெல்லாம் விஞ்ஞானம் இல்லையம்மா என்றார். இந்த மனுஷரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான் என்று திரும்பிவிட்டேன். அன்று சாயந்திரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன கெட்டிருக்கிறது, என்ன ஆகும் என்று விளக்கமாகப் போட்டேன். பத்து நிமிஷத்தில் அது அழிக்கப்பட்டது, பெற்றோரைப் பீதிக்குள்ளாக்க வேண்டாம் என்று செயலாளர் பெயரில் ஒரு வரி வந்தது. இரண்டு பெற்றோரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ஒருவர், கிருஷ்ணா நல்ல டிரைவர் ஆன்ட்டி என்றார். நான் டிரைவரைக் குறை சொல்லவே இல்லையே.

தீபாவளி முடிந்து அந்த வாரம் முழுக்க நான் தினமும் காலையில் பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேன் கத்துகிற வரைக்கும் பேரிங் இன்னும் சுற்றுகிறது என்று அர்த்தம். தினமும் கிருஷ்ணாவிடம் சொன்னேன், தினமும் பரீட்சை என்றார். வியாழக்கிழமை என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார்.

27.10.2025 திங்கட்கிழமை காலை நான் அடுக்களையில் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏழு இருபதுக்கு வேன் ஸ்டார்ட் ஆனது. கத்தவில்லை. கீழே யாரோ கைதட்டினார்கள். ராஜகோபால் சாரின் குரலும் கேட்டது, பார்த்தாயா நான் சொன்ன ஸ்ப்ரே என்று. கீச்சுச் சத்தம் இருந்த இடத்தில் இப்போது அடியில் ஒரு உறுமல் மட்டும் இருந்தது, விட்டு விட்டு உறுமியது. டெஸ்ட் பெஞ்சில் அந்தச் சத்தம் வந்தால் நாங்கள் யாரையும் கேட்காமல் இன்ஜினை ஆஃப் பண்ணுவோம். பேரிங்குக்குள் குண்டுகளைப் பிடித்து வைக்கிற கூடு உடைந்துவிட்டது, இனிமேல் அது நிமிஷக் கணக்கு.

கத்தி கையில் இருப்பதைக்கூட நான் பார்க்கவில்லை, அப்படியே படியிறங்கி ஓடினேன். பிள்ளைகள் எல்லாரும் ஏறியிருந்தார்கள். முன் சீட்டில் ஹர்ஷிதா பென்சில் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கருகிய கிரீஸ் வாடை பானட்டுக்கு வெளியேயே அடித்தது. கிருஷ்ணாவிடம் ஆஃப் பண்ணு என்றேன். பரீட்சைக்கு நேரமாகிறது, வழியை விடுங்கள் என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் கியர் போட்டார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதன் பிறகு பானட்டைத் திறந்தேன். சாவி மட்டும் போதாதா, பெல்ட்டை ஏன் அறுத்தாய் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. சாவிக்கு அவர் வீட்டில் இன்னொன்று இருக்கிறது. நான் வேலைக்குப் போன ஐந்தாவது நிமிஷம் ராஜகோபால் சார் அதை எடுத்துவரச் சொல்லி வண்டியை அனுப்பியிருப்பார். பெல்ட் இல்லாமல் அனுப்ப முடியாது. பீன்ஸ் கத்தியால் மூன்று இழுப்பு இழுத்தேன், அறுந்தது. சூடேறிய புல்லி பட்டுக் கையில் கொப்புளம் இருக்கிறது, ஏட்டையா பார்த்தார். ஹர்ஷிதா இறங்கி வந்து, ஆன்ட்டி எங்க வேன் செத்துப்போச்சா என்று தெலுங்கில் கேட்டது. இல்லடா, அதுக்குக் காய்ச்சல், உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லக் கூடாது என்றேன்.

அதன் பிறகு நான் ரோட்டில் நின்று ஆட்டோக்களை நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றி, ஒவ்வொரு ஆட்டோவிலும் ஒரு பெற்றோரை உட்கார வைத்து அனுப்பினேன். பரீட்சைக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனார்கள், எல்லாரும் எழுதினார்கள். ராஜகோபால் சார் போலீசுக்குப் போன் போட்டார். போலீஸ் வந்து வேனைக் கட்டி இழுத்து இந்த ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார்கள். என்னை இன்று காலை வரச் சொன்னார்கள், வந்தேன். வேன் நல்ல ஓட்டத்தில் இருந்தது என்று புகாரில் எழுதியிருக்கிறது. அதை எழுதியவர் பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கடிதம். அதில், கணவரை இழந்து தனிமையில் வாழும் நான் மன அழுத்தம் காரணமாக இல்லாத சத்தம் கேட்பதாக எண்ணிக்கொண்டு இப்படிச் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டால் வேலைக்கு ஒன்றும் வராது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் சுந்தரி என்றார் சார். நக்கோன்னா நக்கோ, வேண்டாம் என்றால் வேண்டாம். என் காதும் நன்றாக இருக்கிறது, என் மனசும் நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் இறந்ததற்கும் இந்த பேரிங் கெட்டதற்கும் என்ன சம்பந்தம்? இருபத்திமூன்று வருஷம் என் காதை நம்பி ஓட்டிய வண்டிகள் இருக்கின்றன. இல்லாத சத்தம் கேட்கிற காது என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு சார்ஜ்மேன் நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது? கவரில் போட்டு சீல் வைக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

உனக்குச் சாட்சி யார் என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார்கள். சாட்சி வாசலில் நிற்கிறது என்றேன். பெல்ட் இல்லாத புல்லியை விரலால் சுண்டினாலே சுற்ற வேண்டும், கிருஷ்ணாவையே சுற்றச் சொல்லுங்கள், நான் கிட்டேகூட வரவில்லை என்றேன். எஸ்.ஐ. அம்மா அனுமதி கொடுத்தார்கள். 11.50 மணிக்கு எல்லாரும் வாசலுக்குப் போனோம். நான் படியிலேயே நின்றுகொண்டேன்.

கிருஷ்ணா பானட்டைத் திறந்து முதலில் வாட்டர் பம்ப் புல்லியைச் சுற்றினார், அது சுற்றியது. அதன் பிறகு ஆல்டர்நேட்டர் புல்லியை ஒரு விரலால் தள்ளினார், அசையவில்லை. கையால் பிடித்துத் திருகினார், அசையவில்லை. துணியைச் சுற்றி இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் திருகியதில் கால் சுற்று நகர்ந்தது. அது நகர்ந்த சத்தம் ஸ்டேஷன் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டது, இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். துணியில் பேரிங் துரு செங்கல் பொடி மாதிரி ஒட்டியிருந்தது. ஏட்டையாவும் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறார். ராஜகோபால் சார், ஒரு நாள் நின்றதில் ஈரம் கோர்த்து இறுகியிருக்கும் என்று ஆரம்பித்தார். கிருஷ்ணா தலையைத் தூக்காமல், நீங்க சும்மா இருங்க சார் என்றார்.

அதன் பிறகு கிருஷ்ணா முன்கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்த ஹர்ஷிதாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறகு கேஸ் வேண்டாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எஸ்.ஐ. அம்மாவிடம் சொன்னார். வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம். வாங்கினாலும் இந்த வாக்குமூலம் ஃபைலில் இருக்க வேண்டும், இதில் ஒரு எழுத்தையும் எடுக்கக் கூடாது. சமரசமாகப் போனார்கள் என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பக்கமும் தப்பு இருந்தால்தான் சமரசம், திங்கட்கிழமை காலையில் என் பக்கம் தப்பு இல்லை.

என் தப்பு ஆயுத பூஜை அன்றைக்கு. கிருஷ்ணாவும் அதைத்தான் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அன்னைக்கே ஒரு தடவை இறங்கி வந்திருக்கலாமே அக்கா?”

வந்திருக்கலாம். பூஜையில் வைத்த சாமானை எடுக்கக் கூடாது என்று நின்றேன், அதனால் இரண்டு வாரம் பதினோரு பிள்ளைகள் அந்த மேம்பாலத்தில் இறங்கினார்கள், பரீட்சைக்காகக் காத்திருந்த நாட்கள் தனி. கிருஷ்ணாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அதை மட்டும் எல்லார் முன்னாலும் கேட்டேன். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டி பூஜையில் இருக்கும், அந்த ஸ்க்ரூ டிரைவர் மட்டும் என் பையில் இருக்கும். சரஸ்வதி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன். எந்தப் பிள்ளை ஏறுகிற வண்டியும் என் பால்கனிக்குக் கீழே அப்படி உறுமினால் மறுபடியும் சாவியைப் பிடுங்குவேன், மறுபடியும் அறுப்பேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே எழுதியதை ஏட்டையா எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றே. என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, மிரட்டினாலும் வேறு சொல்லியிருக்க மாட்டேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு அடித்தல் இருக்கிறது. அது என் சொல்லின்பேரில் அடித்தது, அது அப்படியே இருக்க வேண்டும்.

(ஒப்பம்)
திரிபுரசுந்தரி,
இன்ஜின் ஃபிட்டர்

சொல்லக் கேட்டு எழுதியவர்:
பாலசுப்ரமணியன், தலைமைக் காவலர்
28.10.2025, பகல் 12.35 மணி